பெரிய வியாழன், வற்றம்

பாம்பனுக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம்
ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தேன்.
பத்தடிக்கு ஆறடி.
மேலே ‘பணிவே தலைமை’,
கீழே ஐந்து விழுமியங்கள், வரிசை எண்ணோடு,
ஓரத்தில் கைகூப்பியபடி நான்.
ராமநாதபுரத்தில் அச்சடித்தவன்
என் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தான்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
அந்த ஆனியில் கச்சான் காற்று
அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும்.
பட்டியல் எப்போதும் தயார்:
படகுச் சங்கத் தலைவர், ஐஸ் கம்பெனிக்காரர்,
பங்குப் பேரவைப் பொருளாளர் தொபியாஸ்.
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து
பவுடர் தடவி வரும் வலது கால்கள்.
சுத்தமானதை நான் சுத்தம் செய்வேன்.
தொபியாஸின் மகன் படம் எடுப்பான்.

“பெண்கள் ஏன் வருவதில்லை?” என்றேன் இந்த வருடம்.
“பாசிக்குப் போயிருவாளுக சாமி.”
“பெரிய வியாழன் அன்றுமா?”
“எந்த வருசம் அது பௌர்ணமிய விட்டுத் தள்ளிப் போயிருக்கு?”

நிலவை வைத்து உயிர்ப்பு ஞாயிறைக் குறிப்பது எப்படி என்று
குருமடத்தில் பரீட்சை எழுதியவன் நான்.
அதே நிலவு கடலை இழுக்கும்,
நீர் வற்றிப் பாறை தெரியும்,
பாறையில் பாசி தெரியும்,
அதன் பின்னால் பெண்கள் கழுத்தளவு நீரில் போவார்கள் என்று
எந்தத் தாளிலும் எழுதவில்லை.

உச்சி வெயிலில் தெற்குவாடிக் கரைக்குப் போனேன்.
மணலில் என் ஃப்ளெக்ஸ்.
அதன்மேல் கஞ்சிப்பாசி காய்ந்துகொண்டிருந்தது.
நான்காம் விழுமியம் மட்டும் பாதி தெரிந்தது.
முகம் இருந்த இடத்தில் ஈரக் குவியல்.
முதன்முறையாக அது
எதற்கோ உதவிக்கொண்டிருந்தது.

குருசடைத் தீவுப் பக்கமிருந்து வள்ளம் வந்தது.
விரல்களில் துணிச் சுற்று,
செருப்படியில் தகரம் வைத்துக் கட்டிய கால்கள்.
“சாயங்காலம் கோவிலுக்கு வாருங்கள்,
பாதம் கழுவ வேண்டும்” என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது
அதிலிருந்த உத்தரவு.

இன்னாசித்தாய் சிரித்தாள்.
“விடியக் காலமிருந்து தண்ணிக்குள்ளதான் நிக்கிறோம்,
இன்னும் எதுக்குக் கழுவ?
முள்ளு ஏறியிருக்கு. எடுக்கத் தெரியுமா?”

தெரியாது.
தாலிக் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றித் தந்தாள்.
ஈர மணலில் முழங்கால் போட்டேன்,
அங்கி நனைந்தது.
வெடித்த பாதம், பாறை கிழித்த பழைய கோடுகள்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும்
முள் தட்டுப்படவில்லை.
“கண்ண விடுங்க, வெரலால தேடுங்க.”
இரண்டு தடவை உடைத்தேன்.
மூன்றாவதில் வந்தது, கருப்பாக,
ஒரு கமாவை விடச் சின்னதாக.
அவள் முனகவில்லை.
நான்தான் முழுநேரமும் மன்னிப்புக் கேட்டபடி இருந்தேன்.

“வேறென்ன செய்யட்டும்?”
“வனத்துறை ஆபீசுக்கு வாங்க.
எங்க வள்ளத்தப் புடிச்சு வச்சிருக்கான், ரெண்டு மாசமாச்சு.”
“பேசுகிறேன்.”
“நீங்க பேச வேணாம்.
முன்னால நின்னா அவன் உங்கட்டத்தான் பேசுவான்.
பின்னால நில்லுங்க.”

அன்று பூசை ஒரு மணி நேரம் தாமதம்.
ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள்.
பீடம் வரை பாசி வாடை.
தொபியாஸ் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார்,
பிறகு என்ன நினைத்தாரோ,
முன்னிருந்த இடத்துக்கே இழுத்தார்.
அவர் மகன் படம் எடுக்க மறந்துவிட்டான்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், மண்டபம்.
எட்டுப் பெண்களுக்குப் பின்னால் நான்,
கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில்.
அதிகாரி அவர்களின் தலைக்கு மேலாக
என் வெள்ளை அங்கியைத் தேடிப் பிடித்து,
“சொல்லுங்க ஃபாதர்” என்றார்.
நான் இன்னாசித்தாயைப் பார்த்தேன்.
அவள் தொடங்கினாள், தேதி, படகு எண், அபராதம்,
ஒன்றும் விடாமல்.

நடுவில் இரண்டு முறை
என் வாய் தானாகத் திறந்தது.
இரண்டு முறையும்
பக்கத்தில் நின்ற ரஞ்சிதம்
அங்கியைப் பிடித்து இழுத்தாள்.